ஒரு சோறு பதம் இங்கே செல்லாது: சின்னக் குழந்தையின் வளர்ச்சியைக் கவனிப்பது எப்படி?

குழந்தையைப் பற்றிக் கருத்துச் சொல்ல நம் வீடுகளில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "இன்னுமா நடக்கல?" என்று அத்தை கேட்பார். "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், இவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயத் திறந்தான்" என்று பாட்டி சமாதானம் சொல்வார். குழந்தையின் அம்மாவோ நடுராத்திரியில் செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, ஆட்டிசமாக இருக்குமோ என்று தூக்கம் கெட்டுக் கிடப்பார். மூன்று பேருக்கும் அக்கறைதான். ஆனால் அந்தக் குழந்தை ஒரு நாளில் என்னவெல்லாம் செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தது யார் என்று கேட்டால் பதில் வராது.

பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை குழந்தையை எப்படிக் கவனிப்பது, எதை வைத்து எடைபோடுவது, எப்போது டாக்டரிடம் போவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். அதற்கு மருத்துவம் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.

கொழுகொழுவென்று இருந்தால் போதுமா?

தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸ் எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், தாய் சேய் நல அட்டையில் குறிக்கிறார். எடை சரியாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எடையும் உயரமும் உடம்பு வளர்வதை மட்டும்தான் சொல்லும். குழந்தை புதிது புதிதாக எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறது என்பது தனிக் கணக்கு. தலை நிற்பது, குப்புற விழுவது, பெயர் சொன்னால் திரும்புவது, கையை ஆட்டி டாட்டா காட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இதைத் திறன் வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சாப்பிட்டு நல்ல எடையோடு இருக்கும் குழந்தைக்கும் திறன் வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம். ஒல்லியான குழந்தை எல்லாவற்றையும் வயதுக்கேற்பச் செய்துகொண்டும் இருக்கலாம்.

சரி, திறன் வளர்ச்சியை எப்படி எடைபோடுவது? இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் போதும். பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். குழந்தையையும் நாம் இப்படித்தான் பதம் பார்க்கிறோம். பத்து மாதத்தில் நடந்துவிட்டால் "கெட்டிக்காரன்" என்று மொத்தமாக முடிவு கட்டுகிறோம். நடை தள்ளிப்போனால் மொத்தமாகக் கவலைப்படுகிறோம். ஆனால் நடையும் பேச்சும் பழக்கமும் ஒரே உலையில் வேகும் சமாச்சாரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனித் தீ.

வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர்கள் பெரும்பாலும் ஐந்து அடுப்புகளையாவது தனித்தனியே எட்டிப் பார்ப்பார்கள். உட்கார்வது, நிற்பது, நடப்பது ஒன்று. விரல்களால் செய்யும் நுணுக்கமான வேலை இன்னொன்று. தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை முழுக் கையால் வாரி எடுக்கிறதா, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கிறதா என்பது இதில் சேரும். புரிந்துகொள்வதும் பேசுவதும் மூன்றாவது. மனிதர்களோடு பழகுவது நான்காவது. யோசித்து ஒரு சிக்கலைத் தீர்ப்பது ஐந்தாவது. சீக்கிரம் நடந்த குழந்தை பேச்சில் பின்தங்கியிருந்தால், அதன் நடையை வைத்துப் பேச்சுக்குச் சமாதானம் சொல்லக் கூடாது.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். எடை வேறு, திறன் வேறு. திறனிலும் ஒன்றை வைத்து இன்னொன்றை முடிவு செய்ய முடியாது.

"எத்தனையாவது மாசம் நடக்கணும்?"

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்றாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தானாக உட்கார்வது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். இந்த இடைவெளிக்குள் எங்கே விழுந்தாலும் அது இயல்புதான். எட்டரை மாதத்தில் நடந்த குழந்தைக்கும் பதினாறு மாதத்தில் நடந்த குழந்தைக்கும், பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

குறிப்பிட்ட வயது இடைவெளிக்குள் பெரும்பாலான குழந்தைகள் எட்டிப் பிடிக்கும் இப்படிப்பட்ட திறனுக்கு வளர்ச்சி மைல்கல் என்று பெயர். அதை ஒரே ஒரு தேதியாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய ஒரு அட்டவணை இதை அழகாகக் காட்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான 17 திறன்கள் அதில் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கிடைக்கோட்டுப் பட்டை. பட்டையின் இடது முனை, ரொம்பச் சீக்கிரமாகச் செய்யும் சில குழந்தைகளின் வயது. வலது முனை, கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் செய்து முடித்திருக்கும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு ஸ்கேலையோ பென்சிலையோ செங்குத்தாக வைக்க வேண்டும். ஸ்கேல் ஒரு பட்டையின் நடுவே போனால் இன்னும் நேரம் இருக்கிறது. பட்டை முழுவதும் ஸ்கேலுக்கு இடது பக்கம் போய்விட்டது, குழந்தை இன்னும் அதைச் செய்யவில்லை என்றால், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். மதிப்பெண்ணும் இல்லை, ரேங்க்கும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் காரணம் இதுதான். சில பட்டியல்கள் பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் மீதிப் பாதிப் பேரின் பெற்றோர் சும்மாவே பயப்படுவார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் தன் பட்டியலைத் திருத்தி, நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளாவது செய்யும் வயதுக்கு மாற்றிக்கொண்டது. தவழ்வதை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக எழுந்து நின்று நடந்துவிட்டன. "தவழாம நடந்துட்டான், ஏதாவது குறையா?" என்று கேட்பவர்களுக்கு இது போதுமான பதில்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், பிறந்த தேதியிலிருந்து எண்ணிய வயதில் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். பொதுவாக இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்ப்பார்கள். இது தெரியாமல் எத்தனையோ அம்மாக்கள் ஆறு மாதத்திலேயே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நடையைப் பற்றிப் பேசும்போது வாக்கரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. குழந்தையை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் சக்கரம் வைத்த வண்டி அது. அதில் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது வெறும் நம்பிக்கை. நடை தள்ளிப்போகவும் வாய்ப்பு உண்டு. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004-இலேயே இதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. நம் ஊர் மரத்தாலான நடைவண்டி வேறு ரகம். தானாக எழுந்து நிற்கும் குழந்தை தன் காலில் நின்று தள்ளிக்கொண்டு போவது அது. பக்கத்தில் ஆள் இருந்தால் சரிதான்.

பார்த்தது வேறு, முடிவு கட்டியது வேறு

"பயங்கரப் பிடிவாதம்." "ரொம்பச் சமத்து." "யாரையும் மதிக்கிறதில்ல." இதில் எதுவுமே கவனிப்பு இல்லை. எல்லாமே தீர்ப்பு. இதைக் கேட்டு டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தன் மூத்த மகனைக் குழந்தையிலேயே கவனித்துக் குறிப்பு எழுதி வைத்தார். முப்பது வருஷங்களுக்கும் மேல் கழித்து, 1877-இல், அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஓரிடம். நாலரை மாதத்தில் அந்தக் குழந்தை கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையும் அப்பாவின் உருவத்தையும் பார்த்துச் சிரித்தது. ஆனால் அப்பாவின் குரல் முன்னால் இருந்து வராமல் முதுகுப் பக்கமிருந்து வந்ததும் வியந்துபோனது. எத்தனை மாதம், எதிரே என்ன இருந்தது, என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. உருவத்தை நிஜம் என்று நினைத்திருக்கும் என்பது டார்வினின் ஊகம். நமக்கு அந்த ஊகம் தவறாகப் பட்டால் அதை விட்டுவிடலாம், பார்த்தது கெடாமல் அப்படியே நிற்கும்.

நம் வீட்டு விஷயத்துக்கு இதைக் கொண்டுவருவோம். "கடையில அடம்பிடிச்சான்" என்று சொல்வதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "சாயங்காலம் ஆறரை மணி. மதியம் தூங்கவில்லை. கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினான், வேண்டாம் என்றேன். தரையில் படுத்து அழுதான். தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் மாட்டைப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தினான்." இதை எழுதிய பிறகு பிடிவாதம் என்ற சொல் நமக்கே பொருந்தாததாகப் படும். தூக்கக் கலக்கம் கண்ணில் படும். கேட்க வாயில் வார்த்தை இல்லாத வயதில் விரலால் காட்டிக் கேட்டிருக்கிறான் என்பதும், வேறொன்றைக் காட்டினால் மனசு மாறுகிறான் என்பதும் தெரியவரும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் நல்ல செய்தி.

முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன நடந்தது. இந்த மூன்றும் இருந்தால் அது கவனிப்பு. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ காலண்டர் தாளின் பின்புறம் கிறுக்கி வைத்தாலும் போதும். தினமும் குழந்தையின் பின்னாலேயே நோட்டோடு அலைந்தால் விளையாட ஆள் இல்லாமல் போய்விடும்.

டம்ளரும் துண்டும்

எட்டு ஒன்பது மாதக் குழந்தை இடுப்பில் உட்கார்ந்துகொண்டு டம்ளரைக் கீழே போடும். நாம் எடுத்துத் தருவோம். திரும்பப் போடும். பத்தாவது தடவை நமக்குக் கோபம் வரும். ஆனால் குழந்தையின் கண்ணைப் பார்த்தால் அது டம்ளர் விழும் இடத்தை எட்டி எட்டிப் பார்ப்பது தெரியும். அதற்கு இது பரிசோதனை. கையை விட்டுப் போனது எங்கே போகிறது, சத்தம் வருமா, அம்மா எடுப்பாளா?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஐந்து மாதக் குழந்தை கை நீட்டும் பொம்மையை அது பார்க்கும்போதே ஒரு துண்டால் மூடுங்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடும். அதே குழந்தையிடம் எட்டு ஒன்பது மாதத்தில் செய்தால் துண்டை இழுத்துப் பொம்மையை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்ற இந்தப் புரிதலுக்குப் பொருள் நிலைத்தன்மை என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்போது இரண்டு துண்டுகளை வைத்து, இடது துண்டுக்குக் கீழே மூன்று நான்கு தடவை பொம்மையை ஒளியுங்கள், குழந்தை எடுத்துவிடும். அடுத்து, அது பார்க்கும்போதே வலது துண்டுக்குக் கீழே ஒளியுங்கள். பல குழந்தைகள் பழையபடி இடது துண்டையே தூக்கிப் பார்த்து முழிக்கும். ஒரு வயதைத் தாண்டும்போது இந்தத் தடுமாற்றம் பொதுவாகக் குறைந்துவிடும்.

அம்மா பாத்ரூமுக்குப் போனால்கூட அலறும் வயதும் இதையொட்டி வருவதே. அம்மா எங்கோ இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை என்று இப்போது அதற்குத் தெரிகிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று யாராவது சொன்னால், இது மூளை ஒரு படி ஏறியதற்கான அடையாளம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

நிலாவைக் காட்டும் விரல்

முதல் வார்த்தை எப்போது வரும் என்று வீடே காத்திருக்கும். என் கணக்கில் அதைவிடக் கவனிக்க வேண்டியது விரல்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம். கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். தளர்நடை நடந்து வரும் வருகை ஒரு வயதை ஒட்டி. அதற்கும் பிறகுதான் அம்புலி, நிலாவை விளையாட அழைக்கும் பருவம். இந்த வரிசை எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. நிலாவை விரல் நீட்டிக் காட்டினால், குழந்தை காட்டுகிறவரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்காமல் விரல் போகும் திசையில் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அது லேசான வேலை இல்லை.

இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்த்து, தாங்கள் இருவரும் அதைப் பார்க்கிறோம் என்பதையும் உணர்ந்திருப்பதற்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். குழந்தை இதற்குப் படிப்படியாகத்தான் வந்து சேர்கிறது. ஆறேழு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறது. ஒன்பது மாதத்தை ஒட்டிப் பெயர் சொன்னால் திரும்புகிறது. ஒரு வயதுவாக்கில் நாம் காட்டும் பக்கம் பார்க்கிறது. பதினைந்து மாதத்தை ஒட்டி, வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கிறது. பதினெட்டு மாதத்தில் இன்னொரு வகை வரும். மின்விசிறியைக் காட்டும், ஓடும் அணிலைக் காட்டும். எடுத்துத் தரச் சொல்லி இல்லை. "நீயும் பாரேன்" என்பதற்காக. காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், நாமும் பார்த்தோமா என்று. விரல், அணில், அம்மா முகம் என்று அந்தக் கண் ஒரு சுற்று வந்தால், "அதோ அணில்" என்று நாம் சொல்லும் வார்த்தை எதைக் குறிக்கிறது என்று அதற்குப் பிடிபட்டுவிடும். வார்த்தைகள் இந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

ஆட்டிசம் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் சிரமம், ஒரே செயலை அல்லது ஒரே ஒழுங்கைத் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்வது என்ற இரண்டும் சேர்ந்து காணப்படும், மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பேச்சு தாமதமானது மட்டும் ஆட்டிசம் ஆகாது. பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்குவது மட்டும் ஆட்டிசம் ஆகாது. செல்போன் பார்த்ததால் அது வருவதும் இல்லை. ஆனால் செல்போன் நம் விரலைப் பின்தொடராது, திரும்பி முகம் பார்க்காது. அதில் போகும் நேரம் இந்த விளையாட்டுக்கு இல்லாத நேரம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நிலாச் சோறு ஊட்டிய பாட்டிமார் இதைப் படிக்காமலே செய்துவிட்டார்கள்.

சுருக்கமாக: வாய் திறப்பதற்கு முன்னால் கண்ணும் விரலும் பேசுகின்றனவா என்று பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

"பொறுத்துப் பார்ப்போம்" என்பது சில விஷயங்களில் சரி, சிலவற்றில் தப்பு. பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்துவது, டாட்டா காட்டியது காட்டாமல் போவது, முகம் பார்த்தது பார்க்காமல் போவது என்று வந்த திறன் திரும்பிப் போனால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் இடதுகைப் பழக்கம் என்று ரசிக்க வேண்டாம். மற்றக் கையில் பலம் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றாலும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஆண் குழந்தைகள் பேச்சில் சற்றே பின்னால் வருவது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. ஒரு வருஷத் தாமதத்துக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதும் காரணம் ஆகாது. இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வந்துவிடாது.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. "கதவைச் சாத்தினா திரும்புறானே" என்பார்கள். கதவுச் சத்தம் கேட்கும் காதுக்கு, பேச்சில் வரும் ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். குழந்தை தூங்கும்போதே எடுக்கும் பெரா (BERA) என்ற காது டெஸ்ட்டில் இது தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேள்விப் பட்டியல் வைத்துப் பார்ப்பது ஸ்கிரீனிங். இந்தக் குழந்தையை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டுமா என்பதற்கு மட்டும் அது பதில் சொல்லும். என்ன பிரச்சினை என்று முடிவு செய்வது அதற்கான நிபுணர் நேரில் பார்த்துச் செய்யும் வேலை. ஸ்கிரீனிங்கில் குறிக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்கு ஒன்றும் இருக்காது. அதனால் தாளில் ஒரு டிக் விழுந்ததும் இடிந்துபோக வேண்டாம், அந்தத் தாளைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

அரசுத் தரப்பில் 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டம் வளர்ச்சித் தாமதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால், டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது நீங்கள் எழுதி வைத்த குறிப்பையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பல குழந்தைகள் வாயே திறக்காது. வீட்டில் அது சாப்பிடும்போதும் விளையாடும்போதும் எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோ கையில் இருந்தால் டாக்டருக்கு வேலை பாதி குறையும். "மாமாவுக்கு ஹாய் சொல்லு" என்று சொல்லிச் சொல்லி எடுத்த வீடியோ வேண்டாம். நீங்கள் பேசாமல் ஓரமாக இருந்து எடுத்ததுதான் உதவும்.